நூத்துக்குப் பன்னண்டு

ஏனுங் தம்பி, உங்ககிட்டப் பேனா இருக்குதுங்களா? அட, சட்டைப் பாக்கெட்டுலயே குத்தி வெச்சிருக்கறீங்க. ஒரு ஒத்தாசை பண்ணோணுமுங்க. நான் கண்ணாடிய வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன். பஸ்ஸு புளியம்பட்டியத் தாண்டுன பொறவுதான் மூக்கத் தொட்டுப் பாக்கறேன், கண்ணாடியக் காணோம். இந்தக் காயிதத்துல கேள்வி போட்டிருக்குது. நீங்க வாசிங்க, நான் பதில் சொல்றேன், நீங்க எழுதுங்க. அவ்வளவுதான். நாலு மணிக்குள்ள கோயமுத்தூர்ல கொண்டு போயிக் குடுத்தாகோணும்.

எனக்கில்லீங்க. என்னைப் பாத்தாச் சீக்காளி மாதிரியா இருக்குது? எங்கூட்டுக்காரிக்கு. பேரு மேல எழுதியிருக்குது பாருங்க, மயிலாத்தாள், வயசு அறுபத்தாறு. அவளுக்கு முதுகு வலி. வயசானவங்களுக்கு முதுகு வலி வந்தா அவங்க வாழ்க்கை எந்தத் தரத்துல இருக்குதுன்னு ஒரு ஆஸ்பத்திரில அளக்கறாங்க. வாழ்க்கையப் போயி அளக்கறாங்க தம்பி. நான் பி.டி. மாஸ்டருங்க. சென்னியப்பன் மாஸ்டர்னாப் புளியம்பட்டி சுத்துவட்டாரத்துல தெரியாத ஆளில்ல. முப்பத்தொரு வருசம் கிரவுண்டுல டேப்பப் புடிச்சு நீளந்தாண்டுதல் அளந்தவன். எனக்கே இது புதுசு.

செரி, மொதக் கேள்வி என்னங்க? ஆமா, வலி. சைபர்னா வலியே இல்ல, பத்துன்னாத் தாங்கவே முடியாத வலி. பத்துப் போடுங்க. அடுத்தது? நடக்கறதுல சிரமம். பத்து. துணி மாத்தறது, பத்து. தூக்கம், பத்து. இப்பிடி ஒவ்வொண்ணாக் கேட்டுட்டிருந்தா அன்னூர் வந்துரும், எல்லாத்துக்கும் பத்துப் போட்டுருங்க.

ஏனுங்க நிறுத்தீட்டீங்க? பொய்யின்னு நெனைக்கறீங்களா? பொய்யில்லீங்க. போன தடவைதான் பொய்யி. போன தடவை அவ்வளவும் பொய்யி. அதுனாலதான் இப்பிடி பஸ்ஸுல உக்காந்து முன்னப்பின்னத் தெரியாத உங்களத் தொந்தரவு பண்ணிட்டிருக்கறேன்.

கார்த்திகை மாசமுங்க. அந்த ஆஸ்பத்திரில இருந்து ஜெசிந்தான்னு ஒரு அம்மிணி வந்தா. இருபத்தஞ்சு வயசிருக்கும், கழுத்துல அட்டை, கையில இதே மாதிரிக் காயிதம். எங்க ஊர்ல அறுவது தாண்டுன முதுகுவலிக்காரங்க நாப்பத்திரண்டு பேரு. வீடு வீடாப் போயிக் கேட்டா. எங்கூட்டுக்கும் வந்தா. மயிலாத்தா முன்னால உக்காந்து, "அம்மா, எவ்வளவு தூரம் நடக்க முடியுதுங்க"ன்னு கேட்டா. இவ என்ன பண்ணுனா தெரியுங்களா? என் மூஞ்சியப் பாத்தா. எப்பவுமே அப்பிடித்தான். ஒரு கேள்வி கேட்டா ஒரு பதில் வர்றதுக்குள்ள உலையில அரிசி வெந்துரும். வந்த புள்ளைய எவ்வளவு நேரம் உக்கார வெக்கறது? நாஞ்சொன்னேன், "அவ நல்லா நடப்பா அம்மிணி, மாரியம்மன் கோயில் வரைக்கும் போயிட்டு வருவா"ன்னு.

"சார், அவங்களே சொல்லட்டுங்க"ன்னா அந்தப் புள்ள.

"அவளுக்கு என்ன அம்மிணி தெரியும்? நாப்பத்துநாலு வருசமாக் கூடவே இருக்கறவன் நான். எனக்குத்தான் தெரியும்"னேன். அதுல தப்பிருக்குதுங்களா? நீங்களே சொல்லுங்க. செரி, சொல்ல வேண்டாம்.

கடைசியா ஒரு கேள்வி இருந்துச்சு. காயிதத்தைத் திருப்புங்க. காச்சல் பாக்கற தெர்மாமீட்டர் மாதிரிப் படம் இருக்குதுங்களா? அடியில சைபர், உச்சில நூறு. இன்னைக்கு உங்க வாழ்க்கைக்கு நூத்துக்கு எத்தனை போடுவீங்கன்னு கேக்கறது. அந்தக் கேள்வி கேக்கயில நான் அங்க இல்லீங்க. அந்தப் புள்ளைக்கு மோர் கொண்டாரச் சமையக்கட்டுக்குள்ள போயிருந்தேன். மயிலாத்தா செவுத்தப் புடிச்சு எந்திரிச்சுப் போயிட்டு வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சுரும்னு நானே போனேன். திரும்பி வந்து பாத்தா அந்தப் படத்துல என்னமோ கோடு போட்டிருந்தாங்க. எந்த எடத்துலன்னு கூட நான் பாக்கல. "எண்பது போட்டுக்கோ அம்மிணி"ன்னேன். அந்தப் புள்ள மயிலாத்தாளப் பாத்துச்சு. மயிலாத்தா, "அவரு சொல்றதையே போட்டுக்க கண்ணு"ன்னா. இதை நெனப்புல வெச்சுக்குங்க தம்பி, பொறவு வரேன் இதுக்கு.

கெளம்பயில அந்தப் புள்ள சொல்லுச்சு. "பத்து நாள் கழிச்சுப் பள்ளிக்கூடத்துல முகாம் இருக்குதுங்க. நாற்காலில கையக் கட்டிட்டு உக்காந்து அஞ்சு தடவை எந்திரிக்கோணும், பத்து மீட்டர் நடக்கோணும், நேரம் குறிப்போம். இதே கேள்வியையும் கேப்போம். அதப் பாத்து நாப்பத்திரண்டு பேர்ல பதினஞ்சு பேரக் கோயமுத்தூர் கூட்டீட்டுப் போயி ஸ்கேன் எடுத்து வைத்தியம் பாப்போம். வண்டி வூட்டு வாசலுக்கே வருமுங்க."

தம்பி, என்ற எடத்துல இருந்து யோசிச்சுப் பாருங்க. உள்ளூர்ல நேரம் பாத்து ஓட வெக்கறாங்க, நல்லா ஓடுனவன் தாலுக்காவுக்குப் போறான், தாலுக்காவுல நல்லா ஓடுனவன் ஜில்லாவுக்குப் போறான். முப்பத்தொரு வருசம் எனக்குத் தெரிஞ்சது இதுதான். நாப்பத்திரண்டு பேர்ல பதினஞ்சு பேருன்னா மொதப் பதினஞ்சு பேருன்னுதானுங்க புத்திக்குப் பட்டுச்சு. அந்தப் புள்ள வேற என்னமோ கூடச் சொல்லுச்சு, நான் அதுக்குள்ள ஸ்டாப் வாட்ச் எங்க இருக்குதுன்னு யோசிக்க ஆரம்பிச்சுட்டேன். ரிட்டயர் ஆவயில பள்ளிக்கூடத்துல குடுத்தது. பீரோவுல இருந்துச்சு. பேட்டரி செல்லு மாத்துனதும் ஓடுச்சு.

பத்து நாளுங்க. வெடியால அஞ்சரைக்கு வாசல்ல நாற்காலியப் போட்டு உக்கார வெச்சேன். மொத நாளு அஞ்சு தடவை எந்திரிக்க நாப்பத்தோரு செகண்டு. நாப்பத்தோரு செகண்டுல எம்பசங்க முன்னூறு மீட்டர் ஓடிருவானுங்க. எனக்கு வெக்கமாப் போச்சு. அழுதா. அழட்டும்னு உட்டேன். எங்கிட்ட ஓடுன பசங்க அத்தன பேரும் அழுதவனுங்கதான், பின்னால கப்பு வாங்கயில எங்கால்ல வந்து உழுந்தானுங்க. குனிஞ்சு கால் விரலத் தொடச் சொல்லி விசில் ஊதுவேன். ஒண்ணு ஊதுனாக் குனியோணும், ரெண்டு ஊதுனா நிமுரோணும். முதுகு இளகிக் குடுத்தா வலி தன்னால ஓடிரும், அது என்ற சித்தாந்தம். "ஏனுங்க, சித்த நிறுத்திக்கலாமுங்களா"ன்னு கேப்பா. "இப்ப நிறுத்துனா இது வரைக்கும் செஞ்சது வீண்"னு சொல்லுவேன். பக்கத்தூட்டு ருக்குமணி செவுத்துக்கு மேல எட்டிப் பாத்து, "மாஸ்டர் மாமா, அக்காளுக்கு மூச்சு வாங்குதுங்க"ன்னா. மூச்சு வாங்குனாத்தானே உசுரு இருக்குதுன்னு அர்த்தம்னு அவளை அனுப்பிச்சுட்டேன். எட்டாவது நாளு பத்தொம்பது செகண்டுக்குக் கொண்டாந்தேன்.

கேள்விக்கும் பழக்குனேன். சும்மா உட்டா என் மூஞ்சியப் பாப்பாளே. "நடக்க முடியுதா? முடியுதுங்க. தூக்கம் வருதா? நல்லா வருதுங்க. விசேஷத்துக்கெல்லாம் போறீங்களா? எல்லாத்துக்கும் போறனுங்க." சோறாக்கயில, மாட்டுக்குச் சோளத்தட்டுப் போடயில, எந்நேரமும் சொல்லிச் சொல்லி ஒப்பிக்க வெச்சேன்.

முகாமன்னைக்கு வெடியால மருந்துக் கடைல கேட்டு வலி மாத்திரை வாங்கியாந்து ஒண்ணுக்கு ரெண்டாக் குடுத்தேன். பன்னண்டரை செகண்டுங்க தம்பி! அங்க இருந்தவங்க எல்லாரும் கையத் தட்டுனாங்க. அந்த ஜெசிந்தாப் புள்ள வாட்சத் தட்டிப் பாத்துச்சு, நம்ப முடியாம. கேள்வியெல்லாம் பள்ளிக்கூடப் புள்ளயாட்டம் ஒப்பிச்சா. தெர்மாமீட்டருக்குத் தொண்ணூறு. நாந்தான் சொல்லிக் குடுத்திருந்தேன், எண்பதுன்னாப் பத்தாதுன்னு.

திரும்பி வரயில பேக்கரில தேங்காய் பன்னு வாங்கிக் குடுத்தேன். பாதிதான் தின்னா. "ஏனுங்க, பாஸாயிட்டனுங்களா?"ன்னு கேட்டா. "பாஸா? ஊருக்கே நீதான் பஸ்ட்டு"ன்னேன். சிரிச்சா தம்பி. அவ சிரிச்சு நான் பாத்து நொம்ப நாளாயிருந்துச்சு.

நாலு நாள் கழிச்சுப் பேரு ஒட்டுனாங்க. மயிலாத்தா பேரு இல்ல. மொதப் பேரு யாருதுங்கறீங்க? குப்பாயக்கா. ரெண்டு பக்கமும் ரெண்டு பேரு புடிச்சாத்தான் நிக்கும் அது. நாற்காலில இருந்து ஒருக்காக்கூட எந்திரிக்கல. எனக்கு வந்த கோவத்துக்கு அங்கயே சத்தம் போட்டேன். மொத எடத்துல வந்தவள உட்டுட்டு, போட்டிலயே கலந்துக்காதவளுக்கு எடங் குடுக்கறீங்களா, இது எந்த ஊரு நாயமுன்னு கேட்டேன். ஜெசிந்தாப் புள்ள என்னையத் தனியாக் கூட்டீட்டுப் போயி, "சார், நெம்ப முடியாதவங்களத்தானுங்க நாங்க மொதல்ல எடுத்துக்குவோம். அம்மா நல்லாத்தானே இருக்கறாங்க? சந்தோசப்படுங்க சார்"ன்னுச்சு.

அப்பத்தானுங்க வெளங்குச்சு. கடைசில வந்தவனுக்குப் பரிசு குடுத்து நான் என்ற சர்வீஸ்ல பாத்ததே இல்லீங்களே தம்பி. அப்பவே அந்தப் புள்ளைகிட்ட, "அது மாத்திரை போட்டு வந்த நேரம், பத்து நாள் பழக்கி வந்த நேரம்"னு சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா எல்லாஞ் செரியாப் போயிருக்கும். ஊரே நிக்குது. மாஸ்டர் பொண்டாட்டிக்குத் திருட்டு மார்க்குன்னு பேச மாட்டாங்களா? வீட்டுக்கு வந்து, "சிபாரிசு புடிச்சவங்களத்தான் எடுத்துட்டாங்க"ன்னேன். "அப்ப நாளைக்கு வெடியால நாற்காலி போட வேண்டாமுங்களா?"ன்னு மட்டும் கேட்டா.

போட்டனுங்க. நாற்காலியப் போட்டேன், விசிலும் ஊதுனேன். நாப்பத்தொண்ணுல இருந்து பன்னண்டரைக்கு வந்த ஒடம்ப உட்டுப் போட்டா மறுபடி கெட்டுப் போயிருமேன்னு ஒரு ஆதங்கம். நல்லதுக்குத்தானுங்க எல்லாமே. தை மாசம் இருபதாந் தேதி, குனிஞ்சு நிமுர்ற பயிற்சி, மூணாவது எண்ணிக்கை. குனிஞ்சா. நிமுரல. அப்பிடியே பக்கவாட்டுல சாஞ்சு கீழ உழுந்தா. ஒரு சத்தம் போடல பாருங்க, அவ ஒடம்புக்குள்ள என்னமோ நொறுங்குன சத்தம் அவளுக்கே கேட்டுச்சாம், ஆனா வாயத் தொறந்து ஒரு சத்தம் போடல. நான் பாட்டுக்கு ரெண்டாவது விசிலும் ஊதிப் போட்டேன்.

பயிற்சிக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குதுன்னு சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டர் சொல்றாரு. அவரு சின்னப் பையன், புஸ்தகத்துல படிச்சதச் சொல்றாரு. எலும்பு வலுவில்லாதவங்க அப்பிடிக் குனியவே கூடாதாம். எனக்கு ஆரு சொன்னாங்க? ஆருஞ் சொல்லலியே. முதுகெலும்புல ரெண்டு கட்டை நொறுங்கி நரம்ப அழுத்துதாம். இடது காலு மரத்துப் போயி ஒரு மாசமாச்சு. சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ்ல கொண்டு போனோம். அங்க அவளுக்கு முன்னால ஆளு நெறைய நிக்குது, பங்குனி கடைசில ஆபரேசனுக்குத் தேதி குடுத்து அனுப்பிச்சாங்க. இந்த வாரம் வலது காலும் மரக்க ஆரம்பிச்சிருச்சு தம்பி. நேத்து வெடியால ஊசியக் கையில வெச்சுட்டுப் பெருவிரலப் புடிச்சேன். "தெரியுதா?"ன்னேன். "தெரியுதுங்க"ன்னா. நான் குத்தவே இல்ல அப்ப. சும்மா கேட்டுப் பாத்தேன். குத்தாததுக்குத் தெரியுதுங்கறா. நான் என்ன பண்ணுவேன்?

இல்லீங்க, நான் அழுகல. சன்னல்ல தூசி அடிக்குது.

இப்ப எல்லா வேலையும் நாந்தான் பாக்கறேன். நாப்பத்துநாலு வருசத்துல ஒரு டம்ளர் கழுவுனவனில்ல நான். பெட்பேன் வெக்கறது, தொடைக்கறது, நைட்டி மாத்தறது, தலை சீவி உடறது, அத்தனையும். ருக்குமணி வந்து செய்யறேன்னா, நான் ஒத்துக்கல. கட்டில் காலுல என்ற பழைய விசிலக் கட்டி உட்டிருக்கறேன், கைக்கு எட்டற மாதிரி. வலிச்சா ஊது, தண்ணி வேணும்னா ஊது, நான் எங்கிருந்தாலும் ஓடியாந்துருவேன்னு சொல்லியிருக்கறேன். ஒரு மாசமா ஒருக்காக்கூட ஊதுனதில்லீங்க. ஒரு நாளு சந்தைக்குப் போயிட்டு வந்து பாத்தா நனைஞ்ச துணிலயே கெடக்கறா. எத்தனை நேரமாவோ. "ஏண்டி ஊதல?"ன்னு சத்தம் போட்டேன். "அந்தச் சத்தத்தக் கேட்டா ஒடம்பு நடுங்குதுங்க"ன்னா. ஒரு விசில் சத்தத்துக்குப் போயி நடுங்குவாங்களா, சொல்லுங்க. எத்தனையோ பசங்க அந்தச் சத்தத்துக்குப் பறந்திருக்கறானுங்க.

அன்னூர் வந்துருச்சுங்களா? எறங்கீராதீங்க தம்பி. காந்திபுரமுங்களா? அப்பச் செரி.

இப்ப விசயம் என்னன்னா, குப்பாயக்கா ஆபரேசனே வேண்டாமுன்னு மகனூட்டுக்குப் போயிருச்சு. பதினஞ்சுல ஒரு எடம் காலி. ஜெசிந்தாப் புள்ளதான் இந்தக் காயிதத்தக் குடுத்தனுப்பிச்சுப் போனும் பண்ணுச்சு. மூணு மாசங் கழிச்சு எல்லாருக்கும் இதே கேள்விய மறுபடி கேக்கறாங்களாம், இன்னைக்கு நாலு மணிக்கு டாக்டருங்க உக்காந்து பாத்து அந்த எடத்துக்கு ஒருத்தர எடுப்பாங்களாம். இந்தக் காயிதம் செரியாப் போய்ச் சேந்துச்சுன்னா நாளைக்கு வெடியால வண்டி வந்துரும், படுத்த வாக்குலயே கொண்டு போயிருவாங்க. சேரலீன்னா அவ்வளவுதான். ரெண்டு காலும் போயிரும். அதனாலதான் பத்துப் பத்துன்னு போடச் சொல்றேன். இந்தத் தடவையாச்சும் அவ செயிக்கோணும். அதாவது, தோக்கோணும். எனக்குச் சொல்லத் தெரியல, உங்களுக்குப் புரியுதில்லீங்க?

அந்தப் புள்ள இன்னொண்ணும் சொல்லுச்சு போன்ல. சொல்லாமயே இருந்திருக்கலாம். "சார், மொத நாளு நீங்க மோர் எடுக்கப் போயிருந்தப்ப அம்மா அந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு மார்க்குச் சொன்னாங்க. நூத்துக்குப் பன்னண்டு. நீங்க வந்து எண்பதுன்னீங்க. அவங்க அதையே போடச் சொன்னாங்க. நான் கேட்டிருக்கோணும் சார், அது என் தப்பு"ன்னு அழுகுது.

பன்னண்டு தம்பி. நூத்துக்குப் பன்னண்டு. அப்ப அவ நடந்துட்டிருந்தா. இந்த நாற்காலி, விசிலு, எதுவுமே அப்ப இல்ல. காலு மரக்கல. ரெண்டு வேளை சோறாக்குனா, மாடு கறந்தா, ஒறம்பரை சனம் வந்தாக் காப்பி போட்டா. அப்பவே பன்னண்டுன்னா? நான் குடிக்கற ஆளில்ல. கைய நீட்டுனதில்ல. பென்சன் வருது, சொந்த வீடு. என்ன கொறை வெச்சேன்? பரீச்சைப் பேப்பர்ல பேரு மட்டும் எழுதி வெச்சாக்கூடப் பன்னண்டு மார்க்குப் போடுவாங்களே தம்பி. போன்ல கேட்டதுல இருந்து அந்தப் பன்னண்டு நெஞ்சுலயே நிக்குது. சோத்துல கைய வெச்சாப் பன்னண்டு, படுத்தாப் பன்னண்டு. முதுகுக்குப் போட்ட மார்க்கா, எனக்குப் போட்ட மார்க்கான்னு தெரியல. அவகிட்டக் கேக்கவும் பயமா இருக்குது. பி.டி. மாஸ்டருக்குப் பயம். சிரிப்பா இருக்குதில்லீங்க?

என்னங்க காட்டறீங்க? அடியிலயா? என்ன எழுதியிருக்குது? எனக்குத்தான் கண்ணு தெரியலியே, நீங்களே வாசிங்க.

ம்.

தெரியுமுங்க. அந்தப் புள்ள போன்லயும் சொல்லுச்சு. நோயாளி தன் வாயால சொன்ன பதில்தான் எழுதோணும், வேற ஆரு சொன்னாலும் செல்லாது, சாயந்திரம் போன் பண்ணிக் கேட்டுச் செரி பாப்போம்னு. உங்ககிட்டச் சொல்லலாமுன்னுதான் இருந்தேன். ஆனா அவளுக்கு இருக்கறது பத்து வலிதானுங்க. கண்ணுல பாக்கறனே. அதை நாஞ் சொன்னா என்ன, அவ சொன்னா என்ன?

இல்ல, கேக்கல. அவகிட்ட நான் கேக்கல. காயிதத்தை எடுத்து மடிச்சுச் சட்டைல வெச்சுட்டு, "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தர்றேன்"னு சொல்லீட்டு வந்துட்டேன். அதுல கண்ணாடிய மறந்துட்டேன். நீங்க சொல்றது செரிதான். ஆமா, செரிதான். அவகிட்டயே கேட்டர்றேன், போன் தலகாணிகிட்டத்தான் இருக்குது. போனைப் போட்டுக் குடுங்க, 'வீடு'ன்னு இருக்கும் பாருங்க. கொஞ்சம் சத்தமா வெச்சுருங்க, உங்களுக்கும் கேக்கட்டும்.

மயிலா. நாந்தான். பஸ்ஸுலதான் போயிட்டிருக்கறேன். ருக்குமணி வந்தாளா? கஞ்சி குடிச்சயா? செரி. இங்க பாரு, ஒரு கேள்வி கேக்கறேன், பதில் சொல்லோணும். வலி எத்தனை? சைபர்ல இருந்து பத்துக்குள்ள. உனக்கு என்ன தோணுதோ அதையே சொல்லு.

மயிலா?

என்ன? ஆரு கேக்கறாங்களா? நாந்தான் கேக்கறேன். அந்த அம்மிணி இல்ல, நான். நாந்தான்.

என்ன சொன்ன? இன்னொருக்காச் சொல்லு.

கேட்டீங்களா தம்பி. உங்களுக்கும் கேட்டுச்சில்ல. "நீங்க கேக்கறதா இருந்தா நல்லாருக்கறேன்னு போட்டுக்குங்க"ங்கறா. ரெண்டு காலும் மரத்துக் கெடக்கறவ சொல்றா. நல்லாருக்கறாளாம். நான் கேட்டா நல்லாருக்கறாளாம்.

மயிலா, வெச்சராத. போனை வெச்சராத. சித்த இரு.

இந்தாங்க தம்பி, போனைப் புடிங்க. நீங்க கேளுங்க. உங்க பேரச் சொல்லுங்க, ஆஸ்பத்திரிக் காயிதத்தைப் பாத்து நாந்தான் எழுதறேன்னு சொல்லுங்க. அவரு பக்கத்துல இல்லீங்கம்மான்னும் சொல்லீருங்க. பொய்யில்ல, நான் முன்னால படிக்கட்டுகிட்டப் போயி நின்னுக்கறேன், எஞ்சின் சத்தத்துல அங்க ஒண்ணுங் கேக்காது. அவ பதில் சொல்ல நேரமாகும். அவசரப்படுத்தீராதீங்க. அவ சொல்லி முடிக்கற வரைக்கும் பொறுங்க, இன்னும் முக்கா மணி நேரம் இருக்குது காந்திபுரத்துக்கு. அந்தக் கடைசிக் கேள்வியையும் கேளுங்க. பன்னண்டுக்குக் கீழ சொன்னாலும் அதையே போடுங்க. போட்டு மடிச்சுக் குடுத்துருங்க. எங்கிட்டத்தான் கண்ணாடி இல்லியே.